மலைவழிக்கு எந்தக் கருவி?

நம் மாணவியரை மலையேற்றத்திற்கு அழைத்துச் செல்வதானால், கையில் வைத்துக்கொள்ளும் ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கவேண்டும் என்ற பேச்சு பெற்றோரிடையிலும் ஆசிரியைகளிடையிலும் எழுந்துள்ளது. பேச்சு எழுந்த உடனேயே கருத்தும் மூன்றாகப் பிரிந்துவிட்டது. "பெண் பிள்ளைகள் விஷயம், விலையைப் பார்க்காதீர்கள், இருப்பதிலேயே உயர்ந்ததை வாங்குங்கள்" என்பார் சிலர். "வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறதே, தனியாக ஒரு கருவி எதற்கு?" என்பார் வேறு சிலர். "பெண் பிள்ளைகளுக்கு மலையேற்றமே எதற்கு?" என்று முதலிலேயே கதவைச் சாத்துவோரும் உளர். புவியியல் கற்பிப்பவள் என்ற உரிமையில் நானும் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். அது இம்மூன்றில் எதனோடும் முழுக்க ஒத்துப்போகாது.

மூன்றாவது கருத்துக்கு முதலில் வருவோம். அதைச் சொல்லும் தாய்மாரின் நெஞ்சில் உள்ள அச்சத்திற்குப் பெயரும் நாளும் உண்டு. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். அங்கேயே மாண்டவர்களும் மருத்துவமனைகளில் மாண்டவர்களுமாக 23 உயிர்கள் போயின. சென்றவர்களுள் பெண்களே மிகுதி. படித்த பெண்கள், வேலையில் இருந்த பெண்கள், நம் பள்ளியை விட்டுப் போன பழைய மாணவியரைப் போன்றவர்கள். இதை மறைத்துவிட்டு மலையேற்றத்தைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

அவர்கள் கையில் நல்ல கருவி இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா? தயங்காமல் சொல்லலாம், கருவி மட்டும் அவர்களைக் காத்திராது. நாம் நிற்கும் இடம் எது என்பதைத்தான் ஜி.பி.எஸ். கருவி அறியும். அந்த இடத்துப் புல் காய்ந்திருக்கிறதா, காற்று எப்பக்கம் அடிக்கிறது, கீழே யாரேனும் நெருப்பு வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மலைச்சரிவில் தீ மேல்நோக்கியே விரைந்து ஏறும் என்பது மலையில் வாழ்பவர்களுக்குப் பாலபாடம். எந்தத் திரையிலும் அது எழுதியிருப்பதில்லை.

அந்தத் துயரத்திற்குப் பிறகு தமிழக அரசு 2018-ஆம் ஆண்டிலேயே மலையேற்றத்திற்கான விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்னும் திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 மலைவழிகளை முறைப்படி திறந்தது. முன்பதிவு செய்யவேண்டும். அந்தந்த மலையில் வாழும் மக்களுள் பயிற்சி பெற்றவர்கள் வழிகாட்டியாக உடன் வருவார்கள். காட்டுத்தீக் காலத்தில் வழிகள் மூடப்படும். ஆகவே நம் பெண்கள் போகவேண்டியது இத்தகைய வழியில்தான், இத்தகைய வழிகாட்டியோடுதான், தக்க பருவத்தில்தான். கருவி அதற்கு அடுத்த இடத்தில் நிற்கட்டும். உயர்ந்த கருவி இருக்கிறது என்ற துணிவில் அனுமதியில்லாத வழியில் கால் வைப்பதானால், அந்தக் கருவியை வாங்காமல் இருப்பதே மேல்.

"வழிகாட்டிதான் வருகிறாரே, பிறகு கருவி எதற்கு?" என்று ஒரு மாணவி என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. ஒருவர் பின்னால் ஒருவராக முப்பது பேர் நடக்கும்போது முதலாமவருக்கும் கடைசியாக வருபவருக்கும் இடையே ஒரு திருப்பம் வந்துவிட்டால் போதும், பின்னால் இருப்பவள் தனித்துவிடுகிறாள். பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு முன்னால் இருப்பது தெரியாது. ஒருத்தியின் கால் சுளுக்கிக்கொண்டால், நாம் எங்கே இருக்கிறோம் என்பதை 108-க்கோ வனத்துறைக்கோ சொல்லியாக வேண்டும். "பெரிய பாறைக்குப் பக்கத்தில்" என்றால் மலை முழுதும் பெரிய பாறைகள்தாம். இன்னொன்றையும் சொல்லுவேன். முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பவளுக்கு மலை தெரிவதில்லை. தான் நிற்கும் இடத்தைத் தானே சொல்லத் தெரிந்த பெண்ணுக்குத்தான் அது தெரிகிறது.

சரி, எதை வாங்குவது? தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பேச உத்திரமேரூரைவிடத் தகுந்த ஊர் எது? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், குடவோலை முறையைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் அல்லவா இது? வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் படித்துப் பொருள் கேட்ட மாணவியர் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். இன்னார் தகுதியுடையவர் என்று சொல்வதோடு அது நிற்கவில்லை, இன்னார் இன்னார் ஆகார் என்று நீளமாக அடுக்குகிறது. கணக்குக் காட்டாதவர் ஆகார் என்பது அவற்றுள் ஒன்று. கருவி வாங்கும்போதும் அந்த வழியே நல்லது. ஆகாதவற்றை முதலில் கழித்துவிடுவோம்.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் முதலில் கழியட்டும். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இவற்றைப் புகழ்ந்து எழுதுகிறார்கள். ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் உலகின் எந்த மூலையிலிருந்தும் உதவி கேட்கலாமாம். கார்மின் நிறுவனத்தின் இன்ரீச் வகை இத்தகையது. ஆனால் நம் நாட்டில் செயற்கைக்கோள் தொலைபேசிக்கும் இத்தகைய கருவிக்கும் அரசின் உரிமம் வேண்டும். இதை அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளை விமான நிலையங்களில் தடுத்து வழக்குப் பதிந்த நிகழ்ச்சிகள் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ அன்போடு வாங்கி அனுப்பினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செயற்கைக்கோளிலிருந்து வருவதை வாங்க மட்டுமே தெரிந்த, எதையும் அனுப்பத் தெரியாத கருவியே நமக்குப் போதும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள், 'இப்போது மணி இவ்வளவு, நான் இங்கே இருக்கிறேன்' என்று இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த அறிவிப்பு வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது நம் கையிலுள்ள கருவி. நான்கு கோள்களாவது கண்ணுக்குப் பட்டால் இடம் விளங்கிவிடும். ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். வானத்தில் அத்தனை துல்லியமான கடிகாரங்கள் ஓடுகின்றன! 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கு வரும் சைகையை வேண்டுமென்றே மழுங்கச் செய்து வைத்திருந்தது. அந்தத் தடை நீங்கிய பின்பு, திறந்த வானத்தின் கீழ் ஐந்தாறு மீட்டருக்குள் இடம் கிடைக்கிறது. அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் இருபுறமும் பாறை எழுந்த பள்ளத்திலும் இது கெடும். ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் கோள்களையும் சேர்த்துக் கேட்கும் கருவி இத்தகைய இடங்களில் மேலானது. நம் நாட்டின் நாவிக் கோள்களையும் கேட்குமா என்று ஆசையோடு விசாரிக்கும் மாணவியர் உண்டு. கேட்டால் மகிழ்ச்சிதான். ஆயினும் நாவிக் கோள்கள் பலவற்றில் கடிகாரங்கள் பழுதாயின. 2025 ஜனவரியில் ஏவிய கோளும் உரிய பாதைக்குச் சென்று சேரவில்லை. நாட்டுப்பற்று வேறு, மலையில் வழி தேடுவது வேறு.

இனி செல்போன். டவர் இல்லாத இடத்தில் செல்போனில் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலரும் எண்ணுகிறார்கள். இது தவறு. கோள்களின் சைகையை வாங்க டவர் தேவையில்லை. சிம் கார்டே இல்லாத போனும் இடத்தைக் காட்டும். முதல் முறை காட்டச் சற்று நேரம் கூடுதலாக ஆகலாம், அவ்வளவுதான். டவர் தேவைப்படுவது வரைபடத்திற்கு. படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளாவிட்டால், வெறும் வெள்ளைத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். ஆகவே செல்போன் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை மட்டும் நம்பிப் போகவும் விடமாட்டேன். படம் எடுத்தும் பாட்டுக் கேட்டும் நண்பகலுக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். நனைந்த விரலுக்குத் திரை இணங்காது. உச்சி வெயிலில் முகம்தான் தெரியும், படம் தெரியாது. பாறையில் ஒரு முறை விழுந்தால் கதை முடிந்தது. உதவி கேட்டுப் பேசவேண்டியதும் அதே போன்தான் என்பதை மறக்கலாகாது.

"இருப்பதிலேயே உயர்ந்தது" என்னும் முதற்கருத்தினர் என்மீது வருந்தக்கூடும். விலை உயர்ந்த கருவி கெட்டது என்பதன்று என் வாதம். அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒன்றே இருந்தால் அது ஆசிரியையின் கையில் இருக்கும். ஆசிரியை வரிசையின் முன்னால் இருப்பார். பின்தங்கியவள் கையில் என்ன இருக்கும்? ஆகவே எளிய கருவிகள் இரண்டு வாங்கவேண்டும் என்பது என் துணிபு. ஒன்று வரிசையின் தலைப்பில், மற்றொன்று கடைசியில். கார்மின் ஈட்ரெக்ஸ் வரிசையில் உள்ள சிறிய கருவிகள் இதற்குப் பொருந்துவன. திரை உள்ளங்கையில் பாதிகூட இராது, படமும் அழகாக இராது. ஆனால் பொத்தான்களால் இயங்குவதால் கை ஈரமானாலும் கவலையில்லை. அவ்வரிசையில் பலவும் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சிறு செல்கள் இரண்டில் ஓடுவன. உத்திரமேரூர்க் கடைத்தெருவிலும் அவை கிடைக்கும், மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். 22எக்ஸ் என்னும் வகை ஒரு ஜோடி செல்லில் 25 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் கூறுகிறது. 2023-இல் வந்த எஸ்.இ. வகை 168 மணி நேரம் என்கிறது. அதன் கறுப்பு வெள்ளைத் திரையில் வரைபடம் தெரியாது, நடந்த தடமும் குறித்த புள்ளிகளும் மட்டுமே தெரியும். அறிவிப்பில் உள்ளதில் பாதி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாள் நடைக்குத் தாராளம்.

வரைபட மென்பொருளைத் தேர்வதில் இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும் என்பேன். கருவி சொல்வது வெறும் எண்களைத்தான். அந்த எண்களுக்குப் பொருள் தருவது வரைபடம். உலகெங்கும் உள்ள தொண்டர்கள் 2004 முதல் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுவரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு ஆஸ்மண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற மென்பொருள்கள் உள்ளன. இவற்றில் வேண்டிய பகுதியை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம். சம உயரக் கோடுகள் தெரிகின்றனவா என்பதை அவசியம் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் "இதைப் படித்து என்ன பயன், டீச்சர்?" என்று கேட்ட அதே கோடுகள்தாம்! அவை நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மெல்லிய ஏற்றம். அவை இல்லாத படம் மலைக்கு உதவாது. சாலையில் கார் ஓட்டுவோருக்காகச் செய்த படங்களில் மலை என்பது ஒரு பச்சைத் திட்டுதான். மேலும் ஜி.பி.எக்ஸ். என்னும் பொது வடிவில் தடத்தைச் சேமிக்கவும் திறக்கவும் முடிகிற மென்பொருளாகவே எடுக்கவேண்டும். இன்று ஒரு குழு நடந்த தடம், ஐந்தாண்டு கழித்து வேறு கருவியோடு போகும் குழுவுக்கும் பயன்பட வேண்டாமா?

காகித வரைபடத்தைக் கைவிடக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அது சார்ஜ் கேட்பதில்லை. ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. 1802-இல் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் நம் பரங்கிமலையின் அருகிலிருந்து தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும்பணி அங்கிருந்துதான் எழுந்தது. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மலைமேலும் கோபுரத்தின் மேலும் ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து அது சேதமடைந்தது. லாம்டனே பொறுமையாக உட்கார்ந்து அதைச் செப்பனிட்டார். அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட், 1830-இல் பூமியின் வடிவத்திற்கு ஒரு கணக்கு வகுத்தார். பழைய நில அளவைத் துறைப் படங்கள் அந்தக் கணக்கின்படி அமைந்தவை. ஜி.பி.எஸ். பின்பற்றும் கணக்கோ வேறு. எனவே கருவி காட்டும் எண்ணை அப்படியே பழைய படத்தில் குறித்தால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். படத்தில் அது சில மில்லிமீட்டர்தான். மலையிலோ, ஓடைக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்ற வித்தியாசம். 2005-ஆம் ஆண்டின் வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்காக வெளியிட்ட படங்கள் ஜி.பி.எஸ். கணக்கிலேயே உள்ளன. அவற்றையே வாங்கவேண்டும்.

எண்களை எழுதும் முறையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. நம் ஊர் ஏறத்தாழ வடக்கே 12 பாகை 37 நிமிடத்தில் உள்ளது. தசமத்தில் எழுதினால் 12.617. இதை ஒருத்தி அவசரத்தில் "பன்னிரண்டு புள்ளி முப்பத்தேழு" என்று போனில் சொல்லிவிட்டால், மீட்க வருபவர்கள் 27 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பார்கள். பாகையா, நிமிடமா, தசமமா என்பதைக் குழு முழுவதும் ஒன்றாக முடிவு செய்து, கருவியிலும் போனிலும் அதையே வைத்துக்கொள்ளவேண்டும். உயரத்தை மட்டும் அவ்வளவாக நம்பவேண்டாம். சென்னைக் கடற்கரையில் நின்றுகொண்டு சில மென்பொருள்களைப் பார்த்தால், கடல் மட்டத்திற்கு எண்பது மீட்டருக்கும் கீழே நிற்பதாகக் காட்டும்! தென்னிந்தியப் பக்கத்தில் பூமியின் ஈர்ப்பு சற்றுக் குறைவாக இருப்பதால், உண்மையான கடல்மட்டம் கணிதமுறைப் பூமியைவிட அத்தனை தாழ்ந்திருக்கிறது. நல்ல கைக்கருவிகள் இதைத் தாமே திருத்திக்கொள்ளும்.

இவை எல்லாவற்றையும் மலைக்குப் போய்க் கற்க முடியாது. நம் ஏரிக்கரையில் கற்கலாம். பல்லவர் காலத்தில் வயிரமேகத் தடாகம் என்று பெயர் பெற்று, சோழர் காலத்தில் ஏரி வாரியத்தார் காத்த கரை அது. மதகடியில் நின்று அந்த இடத்தைக் கருவியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கரைமேல் நடந்து கலங்கல் வரை சென்று, மதகுக்குத் திரும்ப வழி காட்டும்படி கருவியைக் கேளுங்கள். அதன் அம்பு எங்கே காட்டும் தெரியுமா? நேராக ஏரியின் குறுக்கே, தண்ணீரின் மேல் காட்டும்! கருவியின் மீது குற்றமில்லை. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள நேர்க்கோடு அதுதான். கரை வளைந்து போகிறது என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. ஏரியில் இதைப் பார்த்துச் சிரித்த பெண், மலையில் அதே அம்பு பள்ளத்தின் மேல் காட்டும்போது கால் வைக்கமாட்டாள். வந்த தடத்தின்மேலேயே திரும்பி நடக்கும் முறையைக் கேட்டு அதையே பின்பற்றுவாள். இந்த ஒரு பாடத்திற்காகவே கருவி வாங்கலாம் என்பேன்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். மலைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்வதற்கு முன், ஏரிக்கரைப் பயிற்சி நாளன்று ஒரு முறை வந்து பாருங்கள். உங்கள் மகளிடம் கருவியைக் கொடுத்து, "நாம் எங்கே நிற்கிறோம், சொல்" என்று கேளுங்கள். அவள் எண்ணைச் சொல்லி, படத்தில் விரலை வைத்து, இன்னின்ன திசையில் இவ்வளவு தூரத்தில் மதகு என்று சொன்னால், அதன்பிறகு முடிவு செய்யுங்கள். சொல்லத் தெரியாத பெண்ணை அனுப்பவேண்டாம் என்று நானே முதலில் சொல்வேன்.

நம் அருட்சகோதரிகளிடமும் ஒன்று கேட்கவேண்டும். பள்ளிகளில் விலையுள்ள பொருள் வந்தால் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, விருந்தினர் வரும்போது மட்டும் எடுத்துக் காட்டும் வழக்கம் உண்டு. இந்த இரண்டு கருவிகளுக்கும் அந்தக் கதி வேண்டாம். கீறல் விழட்டும், பொத்தான் தேயட்டும். அலமாரிச் சாவியை வாரம் ஒருத்தியாக மாணவியரே வைத்துக்கொள்ளட்டும். செல்கள் கசிந்து கருவியைக் கெடுக்காதபடி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவற்றைக் கழற்றி வைக்கும் பொறுப்பும் அந்த வாரச் சாவிக்காரியுடையதே.